திருக்கயிலை யாத்திரை: முதன்முறை செல்லும் அன்பர்கள் அறிய வேண்டுவன

தேவாரப் பாடல் பெற்ற வடநாட்டுத் தலங்கள் ஐந்து. அவற்றுள் நொடித்தான்மலை எனப் போற்றப்பெறுவது திருக்கயிலாயம். சுந்தரமூர்த்தி நாயனார் வெள்ளை யானைமீது எழுந்தருளியதும், காரைக்கால் அம்மையார் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்றதும் இம்மலைக்கே ஆகும். இவ்வரலாறுகளை நம் அன்பர்கள் நன்கறிவர். ஆதலின் இக்கட்டுரை தலப்பெருமை கூற முற்படவில்லை. கடற்கரையையும் சமவெளியையும் விட்டு அகலாத நம் உடலை அத்துணை உயரத்திற்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதை மட்டுமே இங்குக் காண்போம். இந்திய அரசின் வெளியுறவு அமைச்சகம் நடத்தும் கயிலை மானசரோவர் யாத்திரை 2020 முதல் 2024 வரை நடைபெறாதிருந்து, 2025-ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கியது. ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தோர் பலர் இப்போது ஆவலுடன் புறப்படுகின்றனர். ஆவல் மிகும்போது அவசரமும் உடன் வருவதால் இதனை எழுத நேர்ந்தது.

கயிலை மலையின் உயரம் 6,638 மீட்டர். அதன் உச்சிக்கு எவரும் ஏறுவதில்லை. வலம் வருதலே மரபு. வலம் வரும் பாதையின் நீளம் சுமார் 52 கிலோமீட்டர். மூன்று நாட்களில் நடப்பது வழக்கம். தொடங்கும் இடமாகிய தார்ச்சென் ஏறத்தாழ 4,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. முதல்நாள் இரவு தங்கும் திராபுக் ஏறத்தாழ 5,000 மீட்டர். இரண்டாம் நாள் கடக்க வேண்டிய டோல்மா கணவாய் சுமார் 5,630 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டா 2,637 மீட்டரே ஆகும். இரண்டு தொட்டபெட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அக்கணவாயை எட்டா. எனவே நம் ஊரில் எந்த மலையில் ஏறிப் பழகினாலும், கால்கள் பழகுமேயன்றி மூச்சு அவ்வுயரத்திற்குப் பழகாது. இவ்வொன்றை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

மலைமேல் பிராணவாயுவின் விகிதம் குறைந்துவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். விகிதம் குறைவதில்லை, எங்கும் நூற்றுக்கு இருபத்தொரு பங்கே. குறைவது காற்றின் அழுத்தம். சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியாகிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் நாம் உள்ளிழுக்கும் பிராணவாயுவும் பாதியே. உடல் இதனைத் தானே உணர்ந்து, மூச்சை விரைவாகவும் ஆழமாகவும் ஆக்குகிறது. அதனால் இரத்தத்தின் காரத்தன்மை மாறுகிறது. அம்மாற்றத்தைச் சிறுநீரகங்கள் சில நாட்களில் மெல்ல மெல்லச் சரிசெய்கின்றன. சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரங்கள் ஆகும். இவ்வளவும் நம் முயற்சியின்றி உள்ளே நடைபெறும் வேலைகள். நாம் செய்யக்கூடியது அவற்றிற்குரிய கால அவகாசத்தைக் கொடுப்பது ஒன்றே.

மலையேற்ற மருத்துவர்கள் இதற்கு ஓர் எளிய அளவு கூறுவர். 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டுதல் ஆகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒருநாள் தங்கி இளைப்பாற வேண்டும். பகலில் சற்று மேலே சென்று வரலாம். உறக்கம் கீழே இருத்தல் நலம்.

இவ்வளவைக் கொண்டு இக்காலப் பயணத் திட்டங்களை நோக்குவோம். நேபாளம் வழியாகச் செல்வோருள் ஒரு சாரார் நேபாள்கஞ்சு என்னும் சமவெளி நகரத்திலிருந்து சிறு விமானத்தில் சிமிகோட்டுக்கும், அங்கிருந்து ஹெலிகாப்டரில் எல்லையிலுள்ள ஹில்சாவுக்கும் செல்கின்றனர். நேபாள்கஞ்சின் உயரம் 200 மீட்டரும் இல்லை. சிமிகோட் 3,000 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஹில்சா 3,600 மீட்டருக்கு மேல். அடுத்து மானசரோவர் ஏரிக்கரை, 4,590 மீட்டர். இவற்றையெல்லாம் மூன்று நான்கு நாட்களுக்குள் கடந்துவிடும் திட்டங்களும் உண்டு. உத்தராகண்டத்தின் லிபுலேக் வழியில் முற்காலத்தில் பல நாட்கள் நடந்தே மலையேற வேண்டியிருந்தது. அந்நடை கடினமானதுதான்; ஆயினும் அதுவே உடலைப் பழக்கும் மருந்தாகவும் இருந்தது. இன்று கணவாய்க்கு அருகில் வரை வாகனச் சாலை வந்துவிட்டது. சாலை நன்மையே. கால் நோவு குறைந்தது. ஆனால் மூச்சுக்குக் கிடைத்து வந்த அவகாசமும் உடன் குறைந்துவிட்டது.

ஆதலின் பயணத்திற்குப் பணம் கட்டுமுன் அமைப்பாளரிடம் ஒரு தாள் எழுதி வாங்குங்கள். ஒவ்வோர் இரவும் தங்கும் ஊர் எது, அதன் உயரம் எத்தனை மீட்டர், ஓய்வு நாட்கள் எங்கெங்கே என்று அத்தாளில் இருக்க வேண்டும். உணவில் வெங்காயம் சேருமா, வெந்நீர் கிடைக்குமா என்றெல்லாம் கேட்கும் நாம் இக்கேள்வியைக் கேட்பதில்லை. இரண்டு நாள் கூடுதலாக உள்ள திட்டம் சற்றுச் செலவு மிக்கதாயினும் அதனையே தேர்ந்தெடுத்தல் அறிவுடைமை என்பது எமது கருத்து.

நோயின் குறிகள்

புதிய உயரத்தை அடைந்த ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தலைவலி தோன்றி, அதனுடன் குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், சோர்வு ஆகியவற்றுள் ஒன்றேனும் சேர்ந்திருப்பின் அஃது உயர்மலை நோய் என்றே கொள்ள வேண்டும். வெயில், பித்தம், வாகனத்தில் வந்த அலுப்பு என்று காரணம் தேடுதல் கூடாது. இந்நிலையில் அங்கேயே தங்கினால் பெரும்பாலோர்க்கு ஓரிரு நாட்களில் குணமாகிவிடும். குறிகள் நீங்குமுன் மேலே ஏறுவதுதான் பெருந்தீங்கு.

ஏறினால் வருவன இரண்டு. ஒன்று மூளை வீக்கம்: நடை தள்ளாடும், பேச்சு குழறும், மனம் தடுமாறும். ஒருவரை நேர்கோட்டில், ஒரு காலின் விரல் நுனியோடு மற்றக் காலின் குதிகாலை ஒட்டி ஒட்டி வைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியாமல் சாய்ந்தால் ஐயமே வேண்டா. மற்றொன்று நுரையீரலில் நீர் கோத்தல்: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது, முற்றினால் இளஞ்சிவப்பு நுரையுடன் சளி வரும். புதிய உயரத்திற்கு வந்த இரண்டாம் இரவில் இது பெரும்பாலும் தலைகாட்டும். முன்பே தலைவலி இல்லாதவருக்கும் இது வரலாம். இரண்டிற்கும் முதன்மையான மருந்து உடனே கீழே இறக்குவது. நள்ளிரவாயினும் விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. பிராணவாயு உருளையும் மருந்துகளும் இறக்குவதற்குத் துணையாவன, இறக்குவதற்கு ஈடாகா. கடைகளில் விற்கும் சிறு பிராணவாயுக் குப்பிகள் சில நிமிடங்களே வரும்; அவற்றை நம்பி ஏறுதல் வேண்டா.

உடல் வலிமை இந்நோயைத் தடுக்காது. நாள்தோறும் ஓடிப் பழகிய இளைஞர் விரைந்து ஏறி நோயுறுவதும், அவருடன் சென்ற அறுபது வயது அம்மையார் மெல்ல நடந்து நலமாய் மீள்வதும் மலைகளில் இயல்பு.

இங்கே அன்பர்களிடம் ஒன்று வேண்டிக்கொள்கிறோம். யாத்திரைக் குழுக்களில் தலைவலியை மறைப்போர் பலர். சொன்னால் நிறுத்திவிடுவார்களே, வாழ்நாளில் ஒருமுறை வாய்த்த தரிசனம் தவறிவிடுமே என்னும் அச்சமே காரணம். இரவெல்லாம் இருமிவிட்டுக் காலையில் 'நன்றாக இருக்கிறேன்' என்று திருநீறணிந்து முன்னே நிற்பர். இதனைப் பக்தி என்று கருதுவது பிழை. மறைத்தவர் வழியில் விழுந்தால் அவரைச் சுமக்க நான்கு பேர் திரும்ப வேண்டும். அவர்களுக்கும் அதே மெல்லிய காற்றுத்தான்.

திருநாவுக்கரசர் வரலாற்றை இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தல் தகும். கயிலை காணப் புறப்பட்ட அப்பரடிகள் கால் தேய நடந்தார், கைகளால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், உடல் முழுதும் தேயப் புரண்டார். அந்நிலையில் முனிவர் வடிவில் தோன்றிய இறைவன், மானுட உடலோடு கயிலை அடைதல் அரிது, மீள்க என்றே கூறினான். அடிகள் இசையவில்லை. பின்னர் இறைவன் ஆணைப்படி அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி கண்டார் என்பது பெரியபுராணம். 'மீள்க' என்ற சொல் அங்கே இறைவன் திருவாக்காகவே வருகிறது. திருஞானசம்பந்தரோ திருக்காளத்தியில் இருந்தபடியே கயிலை, கேதாரம் முதலிய வடதிசைத் தலங்களைப் பாடியருளினார். பாதி வழியில் திரும்பும் அன்பர் ஒருவரைப் பார்த்து 'கொடுத்து வைக்கவில்லை' என்று கூறுவோர் இவ்விருவர் வரலாற்றையும் மறந்தவராவர்.

புறப்படுமுன் மூன்று மாதங்கள்

அரசின் யாத்திரையில் 18 முதல் 70 வயது வரையுள்ளோரே சேரலாம். உடல் நிறைக் குறியீடு 25-க்கு மிகலாகாது. தில்லியில் மருத்துவச் சோதனை உண்டு. வழியிலும் மீண்டும் உண்டு. தனியார் வழியாகச் செல்வோர்க்கு இத்தகைய தடைகள் இல்லாதிருப்பினும், இதயம், நுரையீரல், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை மூன்று மாதங்களுக்கு முன்பே சோதித்தறிக. சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் உறைந்து கெடாதவாறு உடலோடு ஒட்டிய உள்பையில் வைத்திருத்தல் வேண்டும். உயரத்திற்குப் பழகத் துணை செய்யும் அசெட்டசோலமைடு என்னும் மாத்திரையை மலையேறுவதற்கு முதல்நாள் தொடங்குவர். சல்ஃபா மருந்து ஒவ்வாதார்க்கு இது ஆகாமற்போகலாம். எனவே மருத்துவரைக் கேளாமல் பக்கத்து இருக்கைக்காரர் கொடுப்பதை விழுங்குதல் கூடாது. உறக்க மாத்திரை மூச்சை மந்தப்படுத்தும். உறக்கம் வராவிடினும் அதனைத் தவிர்க்கவும்.

நடைப்பயிற்சிக்கு நம் திருத்தலங்களே போதும். திருவண்ணாமலைக் கிரிவலம் 14 கிலோமீட்டர்; கயிலையில் ஒருநாள் நடக்கும் தொலைவுக்குச் சற்றேறக்குறைய நிகர். பழனி, திருக்கழுக்குன்றம், திருச்சி மலைக்கோட்டைப் படிகளில் வாரம் இருமுறை ஏறி இறங்கலாம். முதல் மாதம் வெறும் உடலோடும், அடுத்த மாதம் முதுகில் மூன்று கிலோ சுமையோடும், பின்னர் ஐந்து ஆறு கிலோ சுமையோடும் பழகுதல் வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதில் முழங்கால் அதிகம் வருந்தும். டோல்மா கணவாயின் மறுபுறம் செங்குத்தான இறக்கம் என்பதால் இறங்கிப் பழகுதலை விட்டுவிடலாகாது. பேசிக்கொண்டே நடக்க முடியும் வேகமே சரியான வேகம். இயலுமாயின் முந்தைய ஆண்டில் 3,583 மீட்டர் உயரத்திலுள்ள திருக்கேதாரத்தை ஒருமுறை தரிசித்து வருவது சாலச் சிறந்தது. தம் உடல் உயரத்தில் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பது அங்கே ஓரளவு விளங்கிவிடும்.

காலணி புதிதாயின் மூன்று மாதமும் அதனையே அணிந்து நடக்கவும். வெறுங்காலில் வலம் வருவதாக நேர்ந்துகொள்வோர் உளர். பனியிலும் கூர்ங்கல்லிலும் அவ்வேண்டுதலை இறைவன் விரும்பான் என்று துணிந்து கூறலாம். ஒரே தடித்த கம்பளிச் சட்டையைவிட மெல்லிய சட்டைகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிதல் நன்று. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும் பருத்தியை உடலோடு ஒட்டி அணிவது நம் ஊருக்குச் சரி. அங்கே அது குளிரை வரவழைக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி இன்றியமையாதது. பெரும்பையை யாக் எருமை சுமக்கும். தோள்பையில் தண்ணீர், மழையுடை, மருந்து, கையுறை, ஒரு மாற்றுக் காலுறை, சிறிது தின்பண்டம், கடவுச்சீட்டு இருந்தால் போதும். பூசைப் பொருள்களைப் பித்தளையில் கொண்டுசெல்ல வேண்டா. திருநீற்றுப்பை ஒன்று யாதொரு சுமையும் ஆகாது.

5,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 83 பாகையிலேயே கொதித்துவிடும். ஆதலால் பிரஷர் குக்கர் இன்றி அரிசியும் பருப்பும் வேகா. சோறு குழையவில்லை என்று சமையற்காரரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. பசி இராது, எனினும் கஞ்சி, உருளைக்கிழங்கு, வெல்லம் என ஏதேனும் ஒன்றைச் சிறிது சிறிதாக உண்க. வலம் வரும் மூன்று நாட்களில் ஏகாதசியோ பிரதோஷமோ வந்தால் உபவாசத்தை ஊர் திரும்பியபின் நோற்கலாம். மானசரோவர் நீரைத் தலையில் தெளித்துக்கொள்வதே தீர்த்தமாடியதாகும். நனைந்த தலையோடு அக்காற்றில் நிற்றல் உயிருக்கே இடர்.

கணவாய் கடக்கும் நாளில் விடியுமுன் புறப்படுவர். பிற்பகலில் காற்றும் பனியும் மிகும் என்பதே காரணம். இருபது அடி நடந்து நின்று மூச்சு வாங்கி மீண்டும் இருபது அடி என்று செல்லலாம். முந்திச் செல்வோரைப் பாராதீர்கள். மேலே நெடுநேரம் நிற்றல் வேண்டா. கௌரி குண்டம் மறுபுறத்தில் கீழே தென்படும். அதன் கரைச்சரிவில் இறங்காமல் பாதையிலிருந்தே வணங்கலாம்.

முந்தைய இரவில் திராபுக்கில் தலைவலி தீராதவர் கணவாய்க்குச் செல்லாமல் வந்த வழியே தார்ச்செனுக்குத் திரும்பலாம். அவ்வழி முழுவதும் ஆற்றோரமாக இறங்கும் பள்ளத்தாக்கு. நடக்க நடக்க மூச்சு எளிதாகும். கயிலையின் வடமுகம் மறைப்பின்றி நேரெதிரே விளங்குவது அத்திராபுக்கில்தான். விடியற்காலையில் முதற்கதிர் அதன்மேல் படும்போது, குழுவினர் புறப்பட்டுச் சென்றபின் அங்கே தங்கியவர் அதனை அமைதியாக அமர்ந்து தரிசித்துவிட்டுப் புறப்படலாம்.