ஹோட்டல் வேலைக்குப் புதுசா?

கேள்வி: கேட்டரிங் டிப்ளமோ முடித்திருக்கிறேன். புதிதாகச் சேருபவரிடம் ஹோட்டல் மேனேஜர்கள் எதை எதிர்பார்ப்பார்கள்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: முதலில், நேரத்துக்கு வருவது. ஹோட்டல் 24 மணி நேரமும் இயங்குகிறது. நீங்கள் வந்து பொறுப்பேற்றால்தான் முந்தைய ஷிஃப்ட்காரர் வீட்டுக்குக் கிளம்ப முடியும். சுத்தமான சீருடை, வெட்டிய நகம் எல்லாம் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டியவை.

அடுத்ததுதான் எனக்கு மிக முக்கியம்: தெரியாததை ஊகித்துச் சொல்லாதிருப்பது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர் சட்னியில் அது இருக்கிறதா என்று கேட்டால், “கேட்டுச் சொல்கிறேன் சார்” என்று சமையலறைக்குப் போய் விசாரியுங்கள். தவறான பதில் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி விசாரித்துவிட்டு, மறக்காமல் திரும்பி வந்து சொல்பவரை எந்த நல்ல மேனேஜரும் இழக்க விரும்பமாட்டார்.

ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்று கலங்காதீர்கள் தம்பி, அது பேசப் பேச வந்துவிடும்.