கிதாரின் குரலை மாற்றும் சிறு பெட்டி

மின்கிதார் வாசிப்பவரின் காலடியில் ஒரு சிறிய உலோகப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அவர் அதைக் காலால் ஒரு முறை அழுத்துகிறார். அதுவரை தெளிவாக ஒலித்த தந்தி, உடனே கரகரத்த, தடித்த குரலில் பேசத் தொடங்குகிறது. இதற்கு 'ஃபஸ் பெடல்' என்று பெயர். உள்ளே இருப்பவை ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு டையோடுகள், சில மின்தடைகள், மின்தேக்கிகள், ஒரு 9 வோல்ட் மின்கலம் ஆகியவைதாம். நீங்களே இதைச் செய்துவிடலாம். ஆனால் ஏதோ ஒரு படத்திலிருந்து எண்களைப் பார்த்தெழுதிக் கடையில் நீட்டினால், பெட்டி கிடைக்கும், பாடம் கிடைக்காது. ஒவ்வோர் உறுப்பின் மதிப்பும் ஒரு கணக்கின் விடை. அந்தக் கணக்குகளை இங்கே போட்டுப் பார்ப்போம்.

பழுதில் பிறந்த ஒலி

1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்றை அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பதிவு செய்தபோது, ஒலிப்பதிவுக் கருவியில் ஏற்பட்ட பழுதால் கிதாரின் ஒலி கரகரத்தது. கேட்டவர்களுக்கு அது பிடித்துவிட்டது. ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, அதே ஒலியை வேண்டும்போது எழுப்ப டிரான்சிஸ்டர்களைக் கொண்டு ஒரு சுற்றை உருவாக்க முனைந்தார். 1962-இல் அது 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். அவற்றை இயக்க 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டே!

அலையின் தலையை வெட்டுதல்

கிதாரின் தந்திகளுக்குக் கீழே காந்தமும் கம்பிச் சுருளும் உள்ளன. எஃகுத் தந்தி அதிரும்போது சுருளைக் கடக்கும் காந்தப்பாயம் மாறுகிறது. பாரடே விதிப்படி சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அதன் உச்சம் 0.1 வோல்ட் எனக் கொள்வோம். இதை 100 மடங்கு பெருக்கினால் 10 வோல்ட் ஆக வேண்டும். நம்மிடம் இருப்பதோ 9 வோல்ட் மின்கலம். அலை அமைதியாக இருக்கும்போது டிரான்சிஸ்டரின் ஏற்பான் முனை நடுவில், அதாவது 4.5 வோல்ட்டில் நின்றால், அலை மேலே 4.5 வோல்ட்டும் கீழே 4.5 வோல்ட்டும்தான் செல்ல முடியும். அதற்கு மேற்பட்ட பகுதி வெட்டுண்டு தட்டையாகிவிடும். இவ்வாறு தட்டையான அலையில், மூல அதிர்வெண்ணின் மடங்குகளாகிய புதிய அதிர்வெண்கள் வலுவாகத் தோன்றுகின்றன. அவையே நாம் கேட்கும் கரகரப்பு. ஆக, இங்கே மின்கலம் வெறும் தீனி அன்று. அலைக்கு வேலி போடுவதும் அதுவே.

நடுவில் நிறுத்துவது எப்படி?

பி.சி.547 என்னும் சிலிக்கான் டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்வோம். ஏற்பானுக்கும் மின்கலத்தின் நேர்முனைக்கும் இடையே 10 கிலோ ஓம் மின்தடை. அதில் 4.5 வோல்ட் இறங்க வேண்டுமானால், மின்னோட்டம் 4.5 ÷ 10,000 = 0.45 மில்லி ஆம்பியர். மின்னோட்டப் பெருக்கம் 200 எனில், அடிவாய்க்கு 2.25 மைக்ரோ ஆம்பியர் தேவை. அடிவாய் 0.6 வோல்ட்டில் இருக்கும். எனவே ஏற்பானுக்கும் அடிவாய்க்கும் இடையே இணைக்கும் மின்தடை (4.5 – 0.6) ÷ 2.25 = 1.73 மெகா ஓம். கடையில் 1.8 மெகா ஓம் கிடைக்கும், அது போதும்.

இந்த மின்தடையை மின்கலத்துடன் நேரே இணைக்காமல் ஏற்பானுடன் இணைப்பது ஏன்? பி.சி.547-இன் பெருக்கம் 110 முதல் 800 வரை எதுவாகவும் இருக்கலாம். உங்கள் கையில் இருப்பது 400 என வைத்துக்கொள்ளுங்கள். நேரே இணைத்திருந்தால் ஏற்பான் ஏறத்தாழ 0 வோல்ட்டுக்கு விழுந்து, ஒலியே சிதைந்துபோகும். நம் இணைப்பிலோ, ஏற்பான் தாழ்ந்தால் அடிவாய் மின்னோட்டமும் குறைகிறது, ஏற்பான் 3.2 வோல்ட் அளவில் நின்றுவிடுகிறது. சுற்று தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது!

டையோடும் மின்தேக்கியும்

ஏற்பானிலிருந்து 1 மைக்ரோ பாரட் மின்தேக்கி வழியாக அலையை வெளியே எடுத்து, அங்கிருந்து எதிர்முனைக்கு இரண்டு டையோடுகளை எதிரெதிர்த் திசைகளில் இணையுங்கள். 1என்4148 போன்ற சிலிக்கான் டையோடு அலையை 0.6 வோல்ட் அளவில் வெட்டும்; ஜெர்மானியம் டையோடு 0.3 வோல்ட் அளவிலேயே மெதுவாக மடக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி இட்டுக் கேளுங்கள். வேறுபாட்டை உங்கள் காதே சொல்லும்.

கிதாரை அடிவாயுடன் இணைக்கவும் ஒரு மின்தேக்கி வேண்டும். கிதாரின் சுருளும் சுற்றின் உள்ளீடும் சேர்ந்த மின்தடை 10 கிலோ ஓம் எனக் கொண்டு, 1 ÷ (2πRC) என்னும் வாய்பாட்டைப் பயன்படுத்துங்கள். 0.1 மைக்ரோ பாரட் இட்டால், 160 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகள் நலிந்துவிடும். கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தியோ 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. 1 மைக்ரோ பாரட் இட்டால் எல்லை 16 ஹெர்ட்ஸாகும். தாழ்ந்த தந்தியும் முழுமையாகக் கேட்கும்.

மின்கலத்தை விழுங்குவது யார்?

பெட்டி இயங்குவதைக் காட்ட ஒரு சிவப்பு ஒளி உமிழ் டையோடு வைக்க விரும்புவீர்கள். அதற்கு 2 வோல்ட் போக, மீதி 7 வோல்ட் தொடர் மின்தடையில் இறங்க வேண்டும். 470 ஓம் இட்டால் சுமார் 15 மில்லி ஆம்பியர் பாயும். ஒலிக்குச் செலவாவது 0.45, விளக்குக்கு அதைப்போல் முப்பது மடங்குக்கும் மேல்! 400 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலம் 26 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 4.7 கிலோ ஓம் இட்டால் விளக்கு சற்று மங்கலாக எரியும். மின்கலமோ 200 மணி நேரம் உழைக்கும். 7 வோல்ட்டை மின்தடையால் வகுத்துப் பார்க்காதவர் மாதந்தோறும் மின்கலம் வாங்கிக்கொண்டிருப்பார்.

மின்கலத்துக்குப் பதில் அடாப்டரைப் பயன்படுத்தலாமா? 9 வோல்ட் நேர்மின்னோட்ட அடாப்டர் என்றால் பயன்படுத்தலாம். ஆனால் 230 வோல்ட் கம்பி எக்காரணம் கொண்டும் உங்கள் பெட்டிக்குள் வரக்கூடாது. தந்தியைத் தொடும் விரல்கள், கம்பி வழியாக இப்பெட்டியுடன் இணைந்தவை என்பதை மறவாதீர்கள். முனைகள் மாறினால் டிரான்சிஸ்டர் கெடாதிருக்க, நேர்முனையில் ஒரு டையோடைத் தொடராக இணையுங்கள். மின்மாற்றி வகை அடாப்டர்களில் 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் எழலாம். அதற்கு அடுத்து 100 ஓம் மின்தடையும், அதன்பின் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் குறுக்கே 100 மைக்ரோ பாரட், 25 வோல்ட் மின்தேக்கியும் வைத்தால், இரைச்சல் ஆறில் ஒரு பங்காகக் குறையும். அந்த மின்தேக்கியின் நேர், எதிர் முனைகளைப் பார்த்து இணையுங்கள்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு: பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. உள்ளீட்டுக்கு 0.22, 0.47 மைக்ரோ பாரட் மின்தேக்கிகள் உங்களிடம் உள்ளன. எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? விடையை முதலில் தாளில் காணுங்கள். பிறகு பற்றவைக்கும் கோலைச் சூடேற்றுங்கள்.