தடை நீங்கினால் போதுமா? – கியூபாவை முன்வைத்து ஒரு வகுப்பறை விவாதம்

பதினொன்றாம் வகுப்பில் சமதர்மப் பொருளாதாரம் நடத்தியபோது, “கியூபா மீதான தடையை அமெரிக்கா நீக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். “ஆமாம்மா” என்று சொல்லிவிட்டேன். பாதி விடைதான் சொன்னோம் என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது. மறுநாள் அந்த வினாவையே பாடமாக்கினேன்.

பின்னணி

1962 முதல் கியூபா மீது அமெரிக்காவின் வணிகத் தடை உள்ளது. அபராதத்துக்கு அஞ்சி, பிற நாட்டு வங்கிகளும் கியூபாவுடன் வரவு செலவு வைக்கத் தயங்குகின்றன. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்ததும், சர்க்கரையை நல்ல விலைக்கு வாங்கி, எண்ணெயை மலிவாகத் தந்த துணையும் போயிற்று.

கரும்பலகையில் எழுதிய மூன்று வழிகள்

1. வேளாண்மை: அரசுக்குரிய பங்கு போக மிஞ்சிய விளைச்சலை உழவர்கள் சந்தையில் விற்க 1994இல் அனுமதி கிடைத்தது. ஆனாலும் உணவின் பெரும்பகுதி இன்றும் இறக்குமதிதான்.

2. தனியார் சிறுதொழில்: 100 பேர் வரை வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்கு 2021இல் சட்டம் இடம் தந்தது.

3. நாணயம்: இரண்டு வகைப் பெசோ புழங்கிவந்தது. 2021 ஜனவரியில் ஒன்று நீக்கப்பட்டு, ஒரு டாலருக்கு 24 பெசோ என்று அரசு நிர்ணயித்தது. ஊதியமும் உயர்த்தப்பட்டது. கொரோனாவால் சுற்றுலா வருவாய் இல்லை. கடைகளில் பொருளும் இல்லை. விலைவாசி பன்மடங்கு ஏறியது.

ஒப்பீடு

வியட்நாம் 1986இல் ‘தொய் மொய்’ சீர்திருத்தத்தைத் தொடங்கியது. 1988இல் நிலத்தைப் பயிரிடும் பொறுப்பு குடும்பங்களுக்கு வந்தது. அடுத்த ஆண்டே அரிசி ஏற்றுமதியானது. அமெரிக்கா தடையை நீக்கியது 1994இல்தான்.

செயல்பாடு

வகுப்பை உழவர், அரசு ஊழியர், நிதியமைச்சர் என மூன்று குழுவாக்கி, “எந்தச் சீர்திருத்தம் முதலில்?” என்று கேட்டேன். “முதலில் விளைச்சல், பிறகு நாணயம்” என்றது உழவர் குழு. “உரத்துக்கும் டீசலுக்கும் டாலர் வேண்டுமே, தடை இருக்கிறதே!” என்று மடக்கியது நிதியமைச்சர் குழு. இரண்டுமே சரி.

முடிவில் அந்த மாணவியிடம் சொன்னேன்: “நேற்று நான் சொன்னது முழு விடை இல்லைம்மா. தடை பெரிய சுமைதான். ஆனால், எதை முதலில் செய்வது என்ற முடிவு அந்த நாட்டின் கையில்தான் இருக்கிறது.”

சிந்தனை வினா: பொருள் உற்பத்தி பெருகாமல் ஊதியத்தை மட்டும் உயர்த்தினால் என்ன நிகழும்?