முதியோர் இல்லத்துக்குச் செடியோடு போகிறாயா?

கடைசி வருஷ புராஜெக்டுக்கு முதியோர் இல்லத்தையே கேட்டு வாங்கினாயாம், அம்மா சொன்னாள். சந்தோஷம் கண்ணு. நானும் அதைத்தான் செய்தேன், அதனால் சில விஷயங்கள் சொல்கிறேன்.

முதல் வாரம் செடியே கொண்டு போகாதே. உட்கார்ந்து பேசு. யார் நாற்று நட்டவர், யார் மாடியில் நாலு தொட்டி வைத்திருந்தவர், யாருக்கு மண்ணைத் தொடவே பிடிக்காது என்று தெரிந்துகொள். பிடிக்காதவரை இழுக்காதே. நிழலில் உட்கார்ந்து பார்க்கட்டும், அதுவும் வீண்போகாது. ரோஜர் அல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வைப் படி. பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை முடிந்தவர்களில், ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. ரிப்போர்ட்டில் சேர்த்தால், ஒரே மருத்துவமனை, மொத்தம் 46 பேர்தான் என்பதையும் எழுது.

வெந்தயத்தில் தொடங்கு. இரண்டு மூன்று நாளில் முளைக்கும், மூன்று வாரத்தில் கிள்ளிச் சமைக்கலாம். வயதானவர்களை மாதக்கணக்கில் காக்க வைக்காதே. கற்பூரவல்லிக் கிளையை ஒடித்து ஊன்றினாலே வேர் பிடிக்கும். பார்வை மங்கியவரும் இலையைக் கசக்கி முகர்ந்தே பேர் சொல்லிவிடுவார்.

ரோஜா வேண்டாம். வயதானால் தோல் மெலிந்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு முள் கீறினால் ரத்தம் சட்டென்று நிற்காது. அரளி கூடவே கூடாது. மறதி நோய் உள்ளவர்கள் கையில் கிடைத்ததை வாயில் வைத்துவிடுவார்கள். மருந்து தடவிச் சாயமேற்றிய விதைப் பாக்கெட்டையும் அதனாலேயே தவிர்த்துவிடு. மளிகைக் கடை வெந்தயமும் கொத்தமல்லியும் போதும்.

யாரையும் குனிய விடாதே. தொட்டியை மேஜைமேல் வை, சக்கர நாற்காலியில் இருப்பவரின் முழங்கால் மேஜைக்கடியில் தாராளமாகப் போகவேண்டும். செம்மண்ணோடு தென்னை நார்க்கழிவைக் கலந்தால் தொட்டி லேசாகும். பாட்டில் மூடியில் ஓட்டை போட்டால் அதுவே பூவாளி, கை நடுங்குபவருக்குப் பாதி பாட்டில் தண்ணீர் போதும். வெயில் ஏறுமுன் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடு.

பக்கவாதத்தில் வலது கை விழுந்த ஒரு பாட்டி, இடது கையால் மெதுவாகக் கன்றை நட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவசரம். வாங்கி நானே நட்டுவிட்டேன். இரண்டு வாரம் அவர் அந்தப் பக்கமே வரவில்லை. மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வந்தேன். ஒரு விதை ஊன்ற அவருக்கு ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷம்தான் உன் புராஜெக்ட். வரிசை கோணலானாலும் நீ கை வைக்காதே. தொட்டியின்மேல் உன் காலேஜ் பேர் வேண்டாம், நட்டவர் பேரை எழுது. அவர்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதே.

எந்தத் தேதிக்குப் பிறகு வரமாட்டாய் என்பதை முதல் நாளே சொல்லிவிடு. நான் சொல்லவில்லை. பரீட்சை முடிந்து போனபோது, மூன்று வாரமாகப் புதன்கிழமை தவறாமல் வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்ததாக ஒரு தாத்தா சொன்னார். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது. கடைசி மாதம், தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அங்கே வேலை செய்யும் அக்காவிடமும் இரண்டு மூன்று பெரியவர்களிடமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்படை. கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் பொன்னாங்கண்ணியை விட்டுவிட்டு வா.

சனிக்கிழமை வருகிறேன். கற்பூரவல்லியைக் காசு கொடுத்து வாங்காதே, கொல்லையில் நிறைய இருக்கிறது, சேர்ந்து ஒடிக்கலாம்.