குளத்து நீர்க்கணக்குக்கு ஒரு தேடுபொறி: இண்டெக்ஸ் டெம்ப்ளேட்டை நிரலிலிருந்தே கையாளும் முறை

முருங்கன் பக்கம் கட்டுக்கரைக்குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் அந்தப் போகத்தில் எவ்வளவு விதைக்கலாம் என்ற பேச்சே எழும். நீர்மட்டம், மழையளவு, துருசு திறந்த நாள், கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரு தேடுபொறியில் சேர்த்து வைத்தால், போன காலபோகத்தில் குளம் எப்போது வான் பாய்ந்தது என்று கேட்டதும் பதில் எடுக்கலாம். ஒரு கமக்காரர் அமைப்புக்கோ பாடசாலைக் கணினிக் கழகத்துக்கோ இப்படியொன்றைச் செய்துகொடுக்க நினைக்கும் இளையோருக்காக இதை எழுதுகிறேன். எலாஸ்டிக்சேர்ச்சின் 8ஆம் பதிப்பையும் அதன் பைதன் கிளையன்டையும் எடுத்துக்கொள்வோம். 2021இல் அதிலிருந்து பிரிந்த ஓப்பன்சேர்ச்சிலும் வழி ஏறக்குறைய இதுதான்.

டெம்ப்ளேட் ஏன் தேவை என்பதை ஒரு பதிவை வைத்தே பார்த்துவிடலாம். டெம்ப்ளேட் எதுவும் இல்லாமல் தரவை அனுப்புகிறீர்கள். முதல் நாள் நீர்மட்டம் 8 என்று போகிறது. தேடுபொறி அதைப் பார்த்து, இந்தப் புலம் முழு எண் என்று முடிவுகட்டிவிடும். சில கிழமை கழித்து 8.75 என்று அனுப்புகிறீர்கள். பிழை எதுவும் வராது. ஆவணத்தைத் திறந்தால் 8.75 என்றே இருக்கும். ஆனால் தேடலுக்குள் போனது வெறும் 8. 'எட்டரை அடிக்கு மேல் நின்ற நாட்கள்' என்று கேட்டால் அந்த நாள் வராது, சராசரியும் பிழைக்கும். தேதிக்கும் இதே கதிதான். 05/11/2025 என்று நம் வழக்கப்படி எழுதி அனுப்பினால் அது தேதியாகாது, எழுத்துச் சரமாகவே பதிவாகும். புலத்தின் வகையைப் பிறகு மாற்றவும் முடியாது. ஆகவே முதல் ஆவணம் போகுமுன்பே எது என்ன வகை என்று சொல்லிவைக்க வேண்டும். அதைச் சொல்லிவைக்கும் இடம்தான் டெம்ப்ளேட்.

முதலில் பெயரை முடிவு செய்யுங்கள். ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்புக்கு இண்டெக்ஸ் என்று பெயர். மாதத்துக்கு ஓர் இண்டெக்ஸ் என்று பலர் சொல்வார்கள். ஒரு குளத்தின் தரவுக்கு அது அதிகம். போகத்துக்கு ஒன்று போதும். குளம்-காலபோகம்-2025, குளம்-சிறுபோகம்-2026 என்று பெயர் வைத்தால், 'குளம்-' என்று தொடங்கி நட்சத்திரக் குறியில் முடியும் ஒரே பேட்டர்ன் எல்லாவற்றையும் பிடித்துவிடும். இங்கே தமிழில் எழுதும் பெயர்களை நிரலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். இண்டெக்ஸ் பெயரில் பெரிய எழுத்து ஏற்கப்படாது. 'லாக்ஸ்', 'மெட்ரிக்ஸ்' என்று தொடங்கும் பெயர்களைத் தவிருங்கள். தேடுபொறி தனக்கென வைத்திருக்கும் டெம்ப்ளேட்கள் அங்கே குறுக்கிடும்.

அடுத்து, துண்டுகளை எழுதுங்கள். இவற்றைக் காம்போனன்ட் டெம்ப்ளேட் என்பார்கள். கிளையன்டின் கிளஸ்டர் பகுதியிலுள்ள புட் காம்போனன்ட் டெம்ப்ளேட் அழைப்பால் பதியலாம். மூன்று துண்டு போதும். ஒன்று அமைப்புக்கு: ஷார்ட் (இண்டெக்ஸைப் பிரிக்கும் பகுதி) 1, ஒரே கணினியில்தான் ஓடுகிறது என்றால் ரெப்ளிக்கா (அதன் பிரதி) 0. ரெப்ளிக்காவை 1 என்று விட்டால் அதை வைக்க இரண்டாவது கணினி இல்லாமல் நிலை மஞ்சளிலேயே நிற்கும். இன்னொன்று மேப்பிங்குக்கு, அதாவது புலங்களின் வகைக்கு: நீர்மட்டமும் மழையளவும் ஃப்ளோட், தேதிக்கு நாள்/மாதம்/ஆண்டு வடிவம், துருசின் பெயர் கீவேர்ட், குறிப்பு டெக்ஸ்ட். டைனமிக் என்ற அமைப்பை ஸ்ட்ரிக்ட் ஆக்கிவிடுங்கள். யாராவது புலப்பெயரைப் பிழையாகத் தட்டினால் புதுப்புலம் முளைக்காது, ஆவணம் அங்கேயே மறுக்கப்படும்.

மூன்றாவது துண்டு தமிழுக்கு. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். எழுத்தைத் தேடலுக்கான சொற்களாகப் பிரிப்பது பகுப்பி. எலாஸ்டிக்சேர்ச்சுடன் வரும் மொழிப் பகுப்பிகளில் இந்தி, வங்காளம் உண்டு, தமிழ் இல்லை; நாமே ஒன்றை அமைக்க வேண்டும். 'காலபோகம்' என்ற சொல்லில் வரும் 'போ'வை எடுங்கள். சில விசைப்பலகைகள் அந்த ஓகாரக் குறியை ஒரே குறியீடாக எழுதும். வேறு வழியில் வந்த எழுத்தில் இரட்டைச்சுழிக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரு குறியீடுகளாக இருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வழக்கமான பகுப்பிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஐசியு பிளகினை எல்லா நோடிலும் நிறுவி மறுதொடக்கம் செய்து, அதன் நார்மலைசரைப் பகுப்பியில் சேர்த்தால் இரண்டும் ஒன்றாகும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளுக்கு இது உதவாது. அவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே அனுப்ப வேண்டும்.

இனி ஒரே இடத்துக்குப் பல பெயர். கட்டுக்கரைக்குளத்தைச் சிலர் யோத வாவி என்றும் சிலர் ஜயன்ட்ஸ் டாங்க் என்றும் எழுதுவார்கள். தேக்கம் அணைக்கட்டு வழியாக அதற்குத் தண்ணீர் தரும் அருவியாறு, வேறொரு அறிக்கையில் மல்வத்து ஓயா. காலபோகத்தைப் பெரும்போகம் என்பாரும் உண்டு. இவற்றைச் சினோனிம் கிராஃப் வடிகட்டியில் கொடுங்கள். இரு சொல்லாலான பெயர்கள் இருப்பதால் அதைத் தேடும் நேரத்துப் பகுப்பியில் மட்டும் வையுங்கள்; பதியும் பகுப்பியில் வேண்டாம். இந்தப் பட்டியலை நிரலர் தனியாக எழுதக்கூடாது. வாய்க்கால் வேலை தெரிந்த மூத்தவர் ஒருவரோடு இருந்து எழுதினால்தான் சரியாக வரும்.

துண்டுகள் பதிவான பிறகே அவற்றைச் சேர்க்கும் டெம்ப்ளேட்டைப் பதியலாம். இண்டைசஸ் பகுதியிலுள்ள புட் இண்டெக்ஸ் டெம்ப்ளேட் அழைப்பில் பெயர், பேட்டர்ன், துண்டுகளின் பட்டியல், பிரையாரிட்டி ஆகியவற்றைக் கொடுங்கள். புட் டெம்ப்ளேட் என்ற சுருக்கமான பெயரிலும் ஓர் அழைப்பு இருக்கிறது. அது பழைய முறை. 2020இல் வந்த 7.8 பதிப்பிலிருந்து புதிய முறை உண்டு. இரண்டும் ஒரே பேட்டர்னைப் பிடித்தால் புதியதே செல்லும். பட்டியலில் பின்னால் வரும் துண்டு முன்னாலுள்ளதை மேவும். இரு டெம்ப்ளேட்கள் ஓர் இண்டெக்ஸுக்குப் பொருந்தினால் அவை கலக்காது, பிரையாரிட்டி கூடியது மட்டும் செல்லும். ஒரே பிரையாரிட்டியில் பேட்டர்ன்கள் மோதினால் பதியவே விடாது.

புட் என்பது முழுதாக மாற்றி எழுதும் வேலை. ஒரு புலத்தைச் சேர்க்க அந்தப் புலத்தை மட்டும் அனுப்பினால் மற்றவை போய்விடும். இதனால்தான் டெம்ப்ளேட்டின் முழு வடிவமும் கிட் (Git) களஞ்சியத்தில் உள்ள ஒரு கோப்பில் இருக்க வேண்டும் என்கிறேன். திரையில் கைவைத்து மாற்றாதீர்கள். கோப்பைத் திருத்தி, வெர்ஷன் எண்ணை ஒன்று கூட்டி, நிரலை ஓட்டுங்கள். அந்த எண்ணைத் தேடுபொறி ஒப்பிட்டுப் பார்க்காது. உங்கள் நிரல்தான் பார்க்க வேண்டும்.

பதிந்ததும் ஒத்திகை. சிமுலேட் இண்டெக்ஸ் டெம்ப்ளேட் அழைப்புக்கு இன்னும் பிறக்காத ஒரு பெயரை, குளம்-சிறுபோகம்-2026 போன்றதை, கொடுங்கள். அந்த இண்டெக்ஸ் உருவானால் எந்த அமைப்போடு உருவாகும், வேறெந்த டெம்ப்ளேட் மோதுகிறது என்று காட்டும். நீர்மட்டம் ஃப்ளோட் என்று அதில் இல்லாவிட்டால் நிரல் அங்கேயே நிற்கும்படி ஒரு வரி எழுதிவிடுங்கள்.

டெம்ப்ளேட்டை மாற்றினாலும் ஏற்கெனவே உள்ள இண்டெக்ஸ் மாறாது. பிறக்கும்போது பெற்றதோடுதான் அது இருக்கும். பழையதைத் திருத்த, குளம்-காலபோகம்-2025-2 என்று புதிதாக ஒன்றை உருவாக்கி, பழையதின் ஆவணங்களை அதில் ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள். எல்லாப் போகங்களையும் சேர்த்துத் தேட 'குளம்' என்றொரு ஏலியஸ், அதாவது மாற்றுப்பெயர், வைத்திருப்பீர்கள். அதை டெம்ப்ளேட்டுக்குள் வைக்காதீர்கள். வைத்தால் புது இண்டெக்ஸ் பிறந்த கணமே ஏலியஸில் சேர்ந்து, பிரதி எடுத்து முடியும்வரை ஒரே நாள் இரண்டு தடவை தேடலில் வரும். ரீஇண்டெக்ஸ் முடிந்து ஆவண எண்ணிக்கை சரிபார்த்த பின், அப்டேட் ஏலியஸஸ் அழைப்பில் பழையதை நீக்குவதையும் புதியதைச் சேர்ப்பதையும் ஒன்றாகக் கொடுங்கள். இரண்டும் ஒரே கணத்தில் நடக்கும். பழைய இண்டெக்ஸை அந்தப் போகம் முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.