பாற்கடலும் பூனையும்

நுழையும்முன்

எழுதத் தொடங்கும் எவருக்கும் 'இதற்கு எனக்குத் தகுதி உண்டா?' என்னும் ஐயம் எழுவது இயல்பு. அவ்வையத்தைப் பெரும்புலவர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்கு, காப்பியங்களின் தொடக்கத்தில் அமைந்துள்ள அவையடக்கப் பாடல்கள் சான்றாகின்றன.

பள்ளி ஆண்டுமலருக்குக் கவிதை எழுத அமர்கிறார் ஒரு மாணவர். நான்கு வரிகள் எழுதியதும், சென்ற ஆண்டு மலரில் வெளிவந்த மற்றொருவரின் கவிதை நினைவுக்கு வருகிறது. 'அதைப்போல் அமையவில்லையே' என்று தாளைக் கிழித்துவிடுகிறார். அவர் எழுதியிருக்கக்கூடிய ஐந்தாம் வரி எழுதப்படாமலே போகிறது.

இவ்வொப்பீட்டில் ஒரு பிழை உள்ளது. அச்சேறிய கவிதை பலமுறை திருத்தம் பெற்றிருக்கலாம். அவர் கையில் இருப்பதோ முதற்படி. ஒருவர் முடித்ததை மற்றொருவர் தொடங்கியதோடு ஒப்பிடுதல் முறையாகாது.

அவையடக்க மரபு

கற்றோர் அவையின்முன் புலவர் தம் எளிமையைப் பணிவுடன் எடுத்துரைப்பது அவையடக்கம். தம் கூற்றில் குறை இருப்பினும் அதனைச் சீர்செய்து ஏற்குமாறு அனைவரையும் வேண்டுதலே அதன் இயல்பு எனத் தொல்காப்பியச் செய்யுளியல் உரைக்கிறது. எழுதுவோரின் தயக்கத்திற்கு இலக்கணமே இடம் வகுத்துள்ளது எனின், தயக்கம் தகுதியின்மைக்கு அடையாளம் அன்று என்பது தெளிவு.

கம்பர் காட்டும் வழி

இராமகாதையை வடமொழியில் செய்தவர் மூவர் என்றும், அவருள் முதல்வரின் வழியிலேயே தாம் தமிழில் பாடுவதாகவும் கம்பர் கூறுகிறார். முன்னோரின் பெருமையை அவர் மறைக்கவில்லை. அதனைக் கண்டு எழுதுகோலைக் கீழே வைத்துவிடவும் இல்லை. பாற்கடலை அடைந்து அது முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைப் போல ஆசை பற்றித் தாம் பாடத் தொடங்கியதாகச் சொல்கிறார். கடல் முழுவதையும் குடிக்கப் பூனையால் இயலாது. ஆயினும், அது சுவைத்த அளவும் பாலே அன்றோ!

சிறுபிள்ளைகள் தரையில் கீறி அறையும் ஆடரங்கும் வரைந்தால் தச்சர் சினம் கொள்வாரோ என்றும் அவர் வினவுகிறார். தொழில் வல்லோர் தொடக்கநிலை முயற்சியை இகழார் என்னும் நம்பிக்கை அவ்வினாவில் உள்ளது.

பெரியபுராணம் பாடிய சேக்கிழாரும், கடல் முழுவதையும் குடிக்க விரும்பும் நாயின் ஆசைக்குத் தம் ஆசையை ஒப்பிடுகிறார்.

ஐயமும் ஆக்கமும்

இப்புலவர்கள் தம் ஐயத்தைச் சில பாடல்களில் சொல்லி முடித்தனர். அதன்பின் கம்பர் 6 காண்டங்களில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடினார். சேக்கிழார் 63 நாயன்மார்களின் வரலாற்றை விரித்துரைத்தார். தாழ்வு மனப்பான்மை 'எழுதாதே' என்று தடுக்கும். அவையடக்கமோ 'பிழை இருப்பின் பொறுத்தருள்க' என்று கூறிவிட்டு எழுதத் தொடங்கும்.

எனவே, புதிதாக எழுதுவோர் முதற்படியைக் கிழிக்காமல் பாதுகாத்தல் வேண்டும். ஐந்தாம் வரியையும் எழுதுதல் வேண்டும். கற்றோரிடம் காட்டித் திருத்தம் பெறுதல் வேண்டும். ஒப்பிட விரும்பின், சென்ற மாதம் தாம் எழுதியதை இன்று எழுதியதோடு ஒப்பிடலாம். வளர்ச்சியை அறிய அதுவே நேரிய அளவுகோல்.

கற்பவை கற்றபின்

1. அவையடக்கத்திற்கும் தாழ்வு மனப்பான்மைக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. நீங்கள் எழுதி முடிக்காமல் விட்ட கவிதை அல்லது கட்டுரை ஒன்றை நிறைவுசெய்து வகுப்பறையில் படித்துக்காட்டுக.