மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது

செயற்கைக்கோள் என்றதும் ஆயிரக்கணக்கான கிலோகிராம் எடையும் மலைக்கவைக்கும் செலவும் நம் நினைவுக்கு வருகின்றன. வல்லரசுகளால் மட்டுமே அதனை உருவாக்க முடியும் என்ற எண்ணம் நீண்ட காலம் நிலவியது. அந்த எண்ணத்தை மாற்றிய நிறுவனங்களுள் ஒன்று, இங்கிலாந்தின் கில்ஃபர்டு நகரில் இயங்கும் சர்ரே செயற்கைக்கோள் தொழில்நுட்ப நிறுவனம்.

இதன் வேர் சர்ரே பல்கலைக்கழகத்தில் உள்ளது. அங்கே மார்ட்டின் சுவீட்டிங்கும் அவருடைய குழுவினரும் ஒரு துணிச்சலான முயற்சியில் இறங்கினர். விண்வெளிக்கென்றே தயாரிக்கப்படும் மின்னணுப் பாகங்கள் விலை மிகுந்தவை. அவற்றுக்குப் பதிலாகச் சந்தையில் கிடைக்கும் சாதாரணப் பாகங்களைப் பயன்படுத்தினால் என்ன? விண்வெளியின் கதிர்வீச்சையும் கடும் வெப்பத்தையும் குளிரையும் அவை தாங்குமா? இதற்கு விடையாக, யூஓசாட்-1 எனும் சிறிய செயற்கைக்கோள் 1981ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் நாசாவின் உதவியுடன் ஏவப்பட்டது. அது 8 ஆண்டுகள் சுற்றுப்பாதையில் வலம் வந்தது. இரண்டாவது செயற்கைக்கோள் ஏறத்தாழ 6 மாதங்களிலேயே உருவாக்கப்பட்டு, 1984இல் ஏவப்பட்டது. இவ்வெற்றிகளைத் தொடர்ந்து, 1985இல் இந்நிறுவனம் தொடங்கப்பட்டது.

இந்நிறுவனம் செயற்கைக்கோளை மட்டும் விற்கவில்லை. அதனை உருவாக்கும் அறிவையும் பகிர்ந்துகொண்டது. வாடிக்கையாளர் நாடுகளின் பொறியியலாளர்கள் கில்ஃபர்டுக்கு வந்து, நிறுவனத்தினருடன் இணைந்து பணியாற்றிப் பயிற்சி பெற்றனர். மலேசியாவும் இவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டது. இரு தரப்பினரும் இணைந்து உருவாக்கிய தியுங்சாட்-1, 2000ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் கஜகஸ்தானின் பைக்கோனூர் ஏவுதளத்திலிருந்து விண்ணில் பாய்ந்தது. மைனாவைக் குறிக்கும் மலாய்ச் சொல்லைப் பெயராகக் கொண்ட அதன் எடை ஏறத்தாழ 50 கிலோகிராம்தான்.

ஒரே ஒரு சிறிய செயற்கைக்கோளால் பூமியின் எல்லா இடங்களையும் நாள்தோறும் பார்க்க இயலாது. எனவே, பல நாடுகள் ஆளுக்கொரு செயற்கைக்கோளை வாங்கி, அவற்றின் படங்களைப் பகிர்ந்துகொண்டால் என்ன என்ற சிந்தனை பிறந்தது. அதன் விளைவே பேரிடர்க் கண்காணிப்புச் செயற்கைக்கோள் தொகுதி. அல்ஜீரியாவின் செயற்கைக்கோள் 2002இல் முதலில் ஏவப்பட்டது. அடுத்த ஆண்டு நைஜீரியா, துருக்கி, பிரிட்டன் ஆகியவற்றின் செயற்கைக்கோள்கள் அதனுடன் இணைந்தன. 2005இல் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவைத் தாக்கியபோது, நைஜீரியாவின் செயற்கைக்கோளும் பாதிக்கப்பட்ட பகுதிகளைப் படமெடுத்து உதவியது. வளரும் நாடு ஒன்று வளர்ந்த நாட்டுக்குக் கைகொடுத்த நிகழ்வு அது.

வணிக உலகிலும் கூட்டு முயற்சியே இந்நிறுவனத்தின் பலமாக அமைந்தது. ஐரோப்பாவின் கலிலியோ வழிகாட்டித் திட்டத்துக்கான முதல் சோதனைச் செயற்கைக்கோளை இது உருவாக்கியது. அது 2005 டிசம்பரில் ஏவப்பட்டது. பின்னர், ஜெர்மனியின் ஓஎச்பி நிறுவனம் அத்திட்டத்துக்கான செயற்கைக்கோள்களைக் கட்டியபோது, அவற்றின் வழிகாட்டிக் கருவிகளைச் சர்ரே நிறுவனம் வழங்கியது.

2015 ஜூலை 10ஆம் நாள் நிகழ்ந்த ஏவுதல் மற்றுமோர் எடுத்துக்காட்டு. பிரிட்டனில் உருவான 3 செயற்கைக்கோள்களை இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுமந்து சென்றது. அவற்றின் படமெடுக்கும் திறனைச் சீன நிறுவனம் ஒன்று 7 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்திருந்தது. கட்டுவது ஒரு நாடு, ஏவுவது ஒரு நாடு, பயன்படுத்துவது வேறொரு நாடு! செயற்கைக்கோளைச் சொந்தமாக வாங்காமலேயே அதன் பயனை அடையலாம் என்பதை இவ்வொப்பந்தம் காட்டியது.

எனினும், செலவு குறையக் குறைய ஏவப்படும் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை பெருகுகிறது. அவற்றால் விண்வெளிக் குப்பையும் பெருகும் அபாயம் உள்ளது. ஆகவே, குப்பையை வலைவீசிப் பிடிக்கும் முறையை 2018இல் சோதித்துப் பார்த்த ரிமூவ்டெப்ரி திட்டத்திலும் இந்நிறுவனம் பங்கெடுத்தது.

உருவத்தில் சிறியது என்பதால் எதனையும் குறைத்து மதிப்பிடலாகாது. வளம் குறைவாக இருப்பினும் புதிய சிந்தனையும் பிறருடன் இணைந்து செயல்படும் மனப்பான்மையும் இருந்தால், சிறிய நாடுகளும் விண்ணைத் தொடலாம். அதே வேளையில், நாம் தொட்ட விண்ணைத் தூய்மையாக வைத்திருக்கும் பொறுப்பும் நம்முடையதே.